கல்லூரி சர்வரை கிளவுடுக்கு மாற்ற நினைக்கிறேன், அக்கவுண்ட்ஸில் நிற்கிறது

லேப் இன்சார்ஜ், தண்டையார்பேட்டை:
வடசென்னையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தள சர்வர் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். யுபிஎஸ் பேட்டரிகள் மூழ்கிவிட்டன. சர்வர் மேஜைமேல் இருந்ததால் தப்பித்தது. தண்ணீர் வடிந்து நான் உள்ளே போனபோது மேஜைக் காலில் சேறு ஏறிய கோடு, டிஸ்குக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. மூன்று வருட இன்டர்னல் மார்க் அதில்தான். வேறெங்கும் நகல் இல்லை. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கிளவுடுக்குப் போக, அதாவது வெளி நிறுவனத்தின் சர்வரை இணையம் வழியே வாடகைக்கு எடுக்க, முதல்வர் சம்மதித்துவிட்டார். அக்கவுண்ட்ஸ் சூப்பிரண்டு கேட்கிறார்: "சர்வர் வாங்கினால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றலாம். மாசாமாசம் மாறுகிற வாடகையை எந்தத் தலைப்பில் எழுதுவது?" அவர் கேட்பது நியாயம்தான். யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

பாலிடெக்னிக் சிஸ்டம் அட்மின், திருவொற்றியூர்:
சார், நாங்களும் அங்கேதான் முட்டி நின்றோம். எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், முதலில் பேக்கப் மட்டும். தினமும் ராத்திரி டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, பிறர் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்து கிளவுடில் ஏற்றுங்கள். சும்மா கிடக்கும் ஃபைலுக்கு வாடகை கொஞ்சம்தான். கிளவுடில் நாள் முழுக்க ஓடும் மெஷினுக்குத்தான் மீட்டர் ஏறும். எங்களிடம் ஒரு மாணவர் ப்ராஜெக்டுக்குத் திறந்த மெஷின் தீபாவளி லீவு முழுக்க ஓடியது. செலவு வரம்பைத் தொட்டதாக பட்ஜெட் அலர்ட் மெயில் வந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. அலர்ட் மெயில் அனுப்பும், மெஷினைத் தானாக நிறுத்தாது.

இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூருக்கு சென்னையிலேயே டேட்டா சென்டர் உண்டு. பேக்கப்பை அங்கே வைக்காதீர்கள். நம் ஊர் மூழ்கும் நாளுக்காகத்தானே எடுக்கிறோம்! புனேயோ மும்பையோ தேர்ந்தெடுங்கள். அமேசானுக்கும் 2016 முதல் மும்பையில் இருக்கிறது.

சூப்பிரண்டிடம் ஆண்டுச் சந்தா மாதிரி முன்பணம் கட்டும் ஒப்பந்தமாகக் கேளுங்கள். அரசின் ஜெம் கொள்முதல் போர்ட்டலில் கிளவுட் சேவைக்கென்றே பிரிவு உண்டு. 18% ஜிஎஸ்டியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

பி.எஸ்சி. மாணவி, கொடுங்கையூர்:
சார், பாடங்களை ஆன்லைனில் போடும் மூடுல் தளத்தையும் கிளவுடுக்குக் கொண்டுபோனால் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு போன்தான் கம்ப்யூட்டர். தினம் 1.5 ஜிபி ரீசார்ஜில் இரண்டு வீடியோ பார்ப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. லேப் வைஃபையில் மூடுல் ஆப்பில் இறக்கிவைத்தால் வீட்டில் நெட் இல்லாமலே படிக்கலாம். வீடியோவைச் சின்னதாக்கிப் போடச் சொல்லுங்கள்.

லேப் இன்சார்ஜ், தண்டையார்பேட்டை:
சரிம்மா, அதையும் எழுதிக்கொண்டேன். தம்பி, சென்னையிலேயே டேட்டா சென்டர் என்றதும் அதைத்தான் டிக் செய்து வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை பேக்கப்புக்கு மட்டும் நோட் போடுகிறேன். ஒரு டம்பைத் திரும்ப இறக்கி, மார்க் சரியாக வருகிறதா என்று சூப்பிரண்டு கண்முன்னே காட்டப்போகிறேன்.