புதுப்பிப்பு: செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு விளக்கு வாங்கியாச்சு

இரண்டடி மீன் தொட்டி, அதில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடிகள், செடிகளுக்கென்று தனியாகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவது கிடையாது, எந்த விளக்கு சரிப்படும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற நிறம்) வெள்ளை எல்இடி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு வாங்கிப் பொருத்திவிட்டேன்.

அந்த வசதிதான் இப்போது கைகொடுக்கிறது. முழு வெளிச்சத்தில் அனுபியாஸ் இலைகளில் பச்சைப் புள்ளிப் பாசி பிடித்தது. நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது. அனுபியாஸ் மெதுவாக வளரும் செடி, ஒரே இலை மாதக்கணக்கில் நிற்கும், பாசிக்கு வேறென்ன வேண்டும்? பாதி வெளிச்சத்துக்கு இறக்கிய பிறகு வந்த புது இலைகள் பளிச்சென்று இருக்கின்றன. டைமரில் தினமும் 7 மணி நேரம், அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: வாட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது மின்சாரச் செலவைச் சொல்லும், செடிக்குக் கிடைக்கும் ஒளியைச் சொல்லாது. தொட்டி ஆழமாக ஆக, அடியில் வெளிச்சம் குறையும்.

அப்புறம், நியான் டெட்ரா என்ற என் குட்டி மீன்கள். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விட்டதும் மூலையில் பதுங்கியிருந்தவை நடுவில் வந்து நீந்துகின்றன. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! வாலிஸ்நேரியா இன்னும் வேர் பிடிக்கவில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன்.