பச்சை பெல்ட் வாங்கிட்டா, ஆனா மாமா பிடிச்ச கையை விடுவிக்கத் தெரியலை

மலர்விழி அம்மா (மதுரை)

என் பொண்ணுக்கு 13 வயசு. மூணு வருஷமா கராத்தே போறா. மாசம் 700 ரூபாய், பெல்ட் டெஸ்ட்டுக்குத் தனி, டோர்னமெண்ட்டுக்குத் தனி. போன மாசம் பச்சை பெல்ட் வாங்கினா. அவ கட்டா (எதிராளி இல்லாம தனியா வரிசையாப் போட்டுக் காட்டுற அடியும் தடுப்பும்) செய்யும்போது பார்த்தா எனக்கே புல்லரிக்கும்.

போன ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்திருந்தான். விளையாட்டுக்கு அவ மணிக்கட்டைப் பிடிச்சு, "எங்கே, விடுவிச்சுக்கோ பார்ப்போம்"னான். அவளால முடியலை. முதல்ல சிரிச்சா, திமிறினா, அப்புறம் அழுதுட்டா. ராத்திரி சோறு வேண்டாம்னு படுத்தவ, "மூணு வருஷமா நான் என்னதான்மா கத்துக்கிட்டேன்?"னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை.

ஜூன்ல இருந்து டியூஷன் முடிஞ்சு எட்டு மணிக்கு சைக்கிள்ல தனியா வரணும். அவ அப்பா, கராத்தேயை நிறுத்திட்டு சிலம்பத்துல சேர்க்கலாம்ங்கிறார். மாத்தினா ஏதாவது பிரயோஜனம் இருக்குமா? இல்லை, எல்லாமே ஆண்டுவிழா மேடைக்குத்தானா?

பழைய பிரவுன் பெல்ட் (கோவை)

அக்கா, பாப்பாகிட்ட முதல்ல சொல்லுங்க, தப்பு அவ மேல இல்லை. கட்டாங்கிறது காத்தோட போடுற சண்டை. காத்து திருப்பி அடிக்காது, கையையும் பிடிக்காது. குமித்தேல, அதாவது ரெண்டு பேர் மோதுற போட்டியில, எதிராளி இருப்பான், ஆனா அங்கேயும் பாயிண்ட் விழுந்ததும் "யமே"னு (நிறுத்துன்னு) குரல் வரும், ரெண்டு பேரும் நின்னுடுவாங்க. சட்டையைப் பிடிச்சு இழுக்கிறவன் எந்தக் குரலுக்கும் நிக்க மாட்டான்.

நான் ஒன்பது வருஷம் கத்துக்கிட்டவன். 2011ல சிங்காநல்லூர் பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பேர் வழிமறிச்சாங்க. ஒருத்தன் காலரைப் பிடிச்சான். டோர்னமெண்ட்ல மெடல் வாங்கின கால் ரெண்டும் கல்லு மாதிரி நின்னுடுச்சு. போனைக் கொடுத்தேன், பர்ஸைக் கொடுத்தேன், விட்டதும் ஓடினேன். அன்னைக்கு நான் செஞ்சதுலயே சரியான காரியம் அந்த ஓட்டம்தான்னு ஒத்துக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

அப்புறம் ஜூடோ போனேன். ஜப்பான்ல கானோ ஜிகோரோ 1882ல தொடங்கினது. அதுல ரந்தோரின்னு ஒண்ணு உண்டு. எதிராளி நிஜமாவே நம்மளைத் தூக்கிப் போடப் பார்ப்பான், நாமும் அவனை விடக் கூடாது. முதல் நாள் இருபது வயசுப் பையன் ஒருத்தன் ஒரு நிமிஷத்துல என்னை மூணு தடவை பாயில கிடத்தினான். ஆனா ஆறு மாசத்துல, ஒருத்தன் மேல வந்து விழுந்தா மூச்சு முட்டிப் பதறுற அந்தப் பதற்றம் போயிடுச்சு. எனக்குக் கிடைச்சது அதுதான், வித்தை இல்லை. (ரோட்டுல அது நிஜமா உதவினது ஒரே ஒரு தடவை. பல்லடம் ரோட்டுல மணல்ல பைக் சறுக்கினப்போ, ஜூடோல விழப் பழகின மாதிரியே மோவாய் தானா நெஞ்சோட ஒட்டிக்கிச்சு, தலை அடிபடலை.)

பாப்பாவுக்கு ஒரு வேலை. பிடிச்ச கையில கட்டை விரலும் மத்த விரலும் சேர்ற இடம்தான் பிடி தளர்ற இடம். அந்தப் பக்கமா மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போட சேர்த்து இழுக்கணும். வெறும் கையால இழுத்தா வராது. அதுவும் பிடி இறுகுறதுக்கு முன்னாடியே செய்யணும். உங்க தம்பியைத் தினம் ரெண்டு நிமிஷம் பிடிக்கச் சொல்லுங்க. முதல் நாள் லேசா, நாளாக நாளாகப் பலமா. அவ கத்தலாம், காலை மிதிக்கலாம். விட்டதும் நின்னு பார்க்கக் கூடாது, வாசல் வரைக்கும் ஓடணும்.

கம்புக்காரர் பேத்தி (திருநெல்வேலி)

எங்க தாத்தா கம்பைக் கையில கொடுக்க மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் வெறும் காலடிதான். எதிராளியோட கைக்கு எட்டாத தூரம் எதுன்னு கண்ணுக்குத் தெரியணும்பாரு. சிலம்பத்துல தற்காப்புக்கு உதவுறது அந்தத் தூரக் கணக்குதான். இப்போ நிறைய இடத்துல சுத்துறது மட்டும் சொல்லித்தர்றாங்க. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில சிலம்பம் காட்சி விளையாட்டா வந்தப்புறம் கூட்டம் இன்னும் அதிகம். சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஓரமா உட்கார்ந்து பாருங்க. ரெண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி மோதவிடுறாங்களா, குத்துவரிசை (கம்பு இல்லாம வெறுங்கையால போடுறது) உண்டான்னு கேளுங்க. நெத்தி உயரக் கம்பைத் தூக்கிக்கிட்டு டியூஷனுக்குப் போக முடியாதே.

எனக்கு நடந்தது பஸ்ஸுல. பின்னாடி நின்ன ஆள் ஒரசிக்கிட்டே வந்தான். எட்டு வருஷம் கம்பு சுத்தின கை, அந்த நெரிசல்ல அசையக்கூட இடமில்லை. "தள்ளி நில்லுய்யா"ன்னு கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு, கண்டக்டர் விசில் ஊதி அவனை இறக்கி விட்டாரு. அந்தக் குரலை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரலை.

கோர்ட்டு வாசல்

ஒரே ஒரு விஷயம். தற்காப்பு உரிமை இப்போ இருக்கிற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 34 முதல் 44 வரை இருக்கு (பழைய ஐபிசியில, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துல, 96 முதல் 106). தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல அடிச்சா அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓடுறவனைத் துரத்திப் போய் முதுகுல போட்டா அது தற்காப்பு இல்லை. பாப்பாவை அவசர உதவிக்கான 112 நம்பரையும் மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க.

இரவுப் பறவை

எல்லாரும் இருட்டு ரோட்டையே பேசுறீங்க. பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தொல்லை பெரும்பாலும் தெரிஞ்ச ஆளுங்ககிட்ட இருந்துதான். கனடாவுல மூணு பல்கலைக்கழகத்துல முதலாம் ஆண்டு மாணவிகள் 893 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, 2015ல முடிவு வந்துச்சு. மொத்தமே 12 மணி நேரப் பயிற்சி. பயிற்சி எடுத்தவங்கள்ல அடுத்த ஒரு வருஷத்துல வன்புணர்வுக்கு ஆளாகுற அபாயம் 5.2 சதவீதம், வெறும் துண்டுப் பிரசுரம் மட்டும் வாங்கினவங்கள்ல 9.8. அதுல அடிக்கச் சொல்லிக் கொடுத்தது ஒரு பங்குதான். பழகின ஆள் எல்லை மீறுறதை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கிறது, "அவர் மனசு நோகுமே"ங்கிற தயக்கத்தை உடைக்கிறது, இதெல்லாம்தான் மீதி. மாஸ்டர் சொன்னா "ஊஸ்"னு (கராத்தேல "சரி"ங்கிறதுக்கு) குனியப் பழகின பிள்ளைக்கு, பெரியவங்க முகத்தைப் பார்த்து "வேண்டாம்"னு சொல்லவும் யாராவது பழக்கணுமே.

மலர்விழி அம்மா (மதுரை)

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர்கிட்ட கையைப் பிடிச்சா விடுவிக்கிறது எப்போ வரும்னு கேட்டேன். "அதெல்லாம் பிரவுன் பெல்ட்டுக்கு அப்புறம்"னார். இன்னும் முடிவு எடுக்கலை. பக்கத்துத் தெரு சிலம்பத்தை வர்ற சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போறேன்.

தம்பி நாலு நாளா ஆபீஸ் முடிஞ்சு நேரா இங்கேதான் வர்றான். மூணாவது நாள் அவ கத்தின கத்துல கீழ்வீட்டுப் பாட்டி கரண்டியோட மேல வந்துட்டாங்க. நேத்து கால் பெருவிரலை நல்லா மிதிச்சு விடுவிச்சுக்கிட்டா. இன்னைக்கு அவன் ஷூவைக் கழட்டாமயே ஹாலுக்குள்ள வந்து நிக்கிறான்.