மைட்டர் ரம்பத்தின் தூள் முற்றம் வரை பறக்கிறது: வீட்டுப் பட்டறையில் எப்படி அடக்குவது?

கேள்வி: படச்சட்டம் பள்ளத்தூர்

வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா காலத்து வீட்டின் பின்கட்டில், முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறையைப் பட்டறையாக வைத்திருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு ஜன்னல், முற்றத்தைப் பார்த்த ஒரு கதவு. இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கை வாங்கி, பழைய குடும்பப் படங்களுக்கும் தஞ்சாவூர் ஓவியங்களுக்கும் சட்டம் செய்கிறேன். சட்டம் என்றால் நான்கு மூலையும் 45 பாகையில் இம்மி பிசகாமல் சேர வேண்டும். அதற்காகத்தான் பத்து அங்குல மைட்டர் ரம்பம் வாங்கினேன். வெட்டு அருமையாக விழுகிறது. தூள்தான் தாங்க முடியவில்லை.

ரம்பத்தோடு வந்த துணிப்பையில் இரண்டு கை தூள் சேர்ந்தால், சுவரிலும் தரையிலும் ஒரு முறம் சேர்கிறது. சாலை நோக்கிப் போகட்டும் என்று மின்விசிறி வைத்துப் பார்த்தேன். அது தூளை முற்றத்துக்கே அனுப்பியது. முற்றத்தில் அப்பத்தா கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் காய வைத்திருந்தார். ஒரு மிளகாயை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் மஞ்சளாக ஒட்டியது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து எனக்கு மனது சரியில்லை. இது பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு. பொங்கலுக்கு எல்லாப் புள்ளியும் (குடும்பமும்) வந்து அடுப்பு வைக்கும் இடம் அந்த முற்றம்.

1400 வாட் வேக்குவம் கிளீனர் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் குழாய் ரம்பத்தின் தூள்வாயில் (தூள் வெளியேறும் துளையில்) பொருந்தவில்லை. கையால் பிடித்துக்கொண்டு அறுத்தால் கால் மணி நேரத்தில் வடிகட்டி அடைத்து, இழுப்பு குறைந்துவிடுகிறது. பெரிய தூள் சேகரிப்பான் வாங்க இப்போது வசதி இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: காரைக்குடி தச்சர்

தம்பி, முதலில் அந்த மின்விசிறியை நிறுத்துங்கள். தூள் காற்றில் ஏறிவிட்டால் பிறகு அதை யாராலும் பிடிக்க முடியாது. பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

ஒரு வெட்டு மெதுவாக அறுத்து, தூள் எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளேடின் பல் நம் பக்கம் கீழே இறங்கி, மரத்தின் அடியில் பின்பக்கமாக ஓடுகிறது. ஆகையால் தூளும் நமக்கு எதிரே, பின்னால்தான் பீய்ச்சும். அதில் கொஞ்சம் மேலேறித் தூள்வாய்க்குள் போகும். அதைவிட அதிகமாக, மரத்தைச் சாய்த்து வைக்கும் சாய்மானச் சட்டத்துக்கு மேலாகச் சுவரைப் பார்த்துப் பறக்கும். மரம் முழுக்க அறுபட்டபின் மிச்சம், பிளேடு இறங்கும் மேசைப் பிளவு வழியாகக் கீழே கொட்டும். பை பிடிப்பது முதல் வழியை மட்டும்.

தூள்வாய்க்குக் கீழே ஒரு சிறிய ரப்பர் நாக்கு தொங்கும், பார்த்தீர்களா? பல ரம்பங்களில் அது குட்டையாகவே இருக்கும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து அகலமான துண்டு வெட்டி, அதை மரத்தின் மேல்விளிம்பு வரை நீட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரம்பத்தின் தலையை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, இரண்டு பக்கமும் 45 வரை திருப்பி, எந்த இடத்திலும் பிளேடில் படவில்லை என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். என் பட்டறையில் இந்த ஒரு வேலைதான் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது. குழாய் பொருந்தாததற்கும் அதே டியூப் போதும். நான்கு விரற்கடை நீளம் வெட்டி, பாதியைத் தூள்வாயிலும் பாதியைக் குழாயிலும் ஏற்றிக் கம்பிப்பட்டையால் இறுக்குங்கள். காற்று கசியாது.

பின்பக்கத்துக்கு ஒட்டுப்பலகையில் ஒரு கூடு செய்யுங்கள். மூன்று பக்கமும் மேலும் அடைத்து, முன்பக்கம் மட்டும் திறந்தபடி. நீங்கள் இடமும் வலமும் 45 திருப்புகிறவர், பிளேடு திரும்பும்போது தூள் பீய்ச்சும் திசையும் திரும்பும். அகலம் இரண்டடிக்குக் குறைந்தால் மூலைவெட்டில் தூள் கூட்டுக்கு வெளியே போகும். அடிப்பலகையைச் சரிவாக வைத்து, கீழே ஒரு வாளி. மேசைப் பிளவிலிருந்து கொட்டுவதும் அந்தச் சரிவிலேயே விழும்படி ரம்பத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

கூட்டுக்கு ஒன்று, தூள்வாய்க்கு ஒன்று என்று வேக்குவம் குழாயைக் கவட்டை போட்டுப் பிரிக்க வேண்டாம். அந்த இயந்திரம் சின்னக் குழாயில் வேகமாக இழுக்கும், ஆனால் அது இழுக்கும் காற்றின் அளவு குறைவு. பிரித்தால் இரண்டு பக்கமும் வீண். முழு இழுப்பும் தூள்வாய்க்கே இருக்கட்டும்.

வடிகட்டி அடைவதற்கு, நடுவில் சுழல்பிரிப்பான் வைத்த மூடியுள்ள டிரம் ஒன்று வேண்டும். தூள் அதில் சுழன்று, கனமானது டிரம்மில் விழுந்துவிடும். மிக நுண்ணியது மட்டுமே வடிகட்டிக்குப் போகும். பெயின்ட் வாளியில் செய்யாதீர்கள். குழாய் அடைத்தால் இழுப்பில் வாளி உள்வாங்கி நசுங்கும். கெட்டியான நீல டிரம் வாங்குங்கள்.

பழைய தேக்கு என்கிறீர்கள். காந்தம் வைத்துத் தடவி ஆணியை எல்லாம் எடுத்த பிறகுதான் அறுக்கிறீர்களா? நிலையிலும் உத்தரத்திலும் தலை உடைந்த ஆணி உள்ளே புதைந்து கிடக்கும். பிளேடு அதில் பட்டால் தீப்பொறி நேராகத் தூள் டிரம்முக்குள் போகும். தூளுக்குள் அது வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனலும். ஆணியில் பட்டது என்று தோன்றினால் அப்போதே டிரம்மை வெளியே கொட்டித் தண்ணீர் தெளியுங்கள். இரவில் தூளோடு டிரம்மை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.

பதில் 2: தேவகோட்டை மின்பணி

ஒரு கேள்வி. ரம்பத்தையும் வேக்குவத்தையும் ஒரே பிளக்கிலா செருகுகிறீர்கள்? பத்து அங்குல ரம்பம் 1650 வாட் என்று வைத்துக்கொண்டால், 1400 வாட் வேக்குவத்தோடு சேர்த்து 3050. 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியருக்கு மேல். மோட்டார் கிளம்பும் நொடியில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கும் நீட்டிப்புக் கம்பியும் இதற்கு ஆகாது. செட்டிநாட்டு வீடுகளில் பின்கட்டுக்கு எப்போதோ இழுத்த பழைய கம்பியில், எர்த் இல்லாமலே ஓடிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மீட்டர் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பட்டறைக்குத் தனி இணைப்பு, எர்த்தோடு 16 ஆம்பியர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

வேக்குவத்தை முதலில் ஓடவிட்டு, பிறகு ரம்பத்தை அழுத்துங்கள். வெட்டு முடிந்ததும் பிளேடு நிற்கும் வரை தலையைத் தூக்காதீர்கள். சுழலும் பிளேடை மேலே தூக்கினால், வெட்டுக்குள் இருக்கும் தூளை அது அறை முழுக்க வீசும். விரலுக்கும் அதுதான் நல்லது.

பதில் 3: புதுவயல் வாசகி

என் வீட்டுக்காரர் முப்பது ஆண்டுகள் தச்சு வேலை பார்த்தவர். தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஆஸ்துமாவையும் கொடுக்கும். அவருக்கு இரண்டும் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பெரும்பாலும் மூக்கையும் அதை ஒட்டிய குழிவறைகளையும் தாக்கும் புற்றுநோய். முற்றத்து வற்றலைப் பற்றிக் கவலைப்படுகிற தம்பி, அறைக்குள் நிற்கிற தன் மூச்சையும் பார்க்க வேண்டும். துண்டை மூக்கில் கட்டினால் போதாது. என்95 முகமூடி, மூக்கோரம் இடைவெளி இல்லாமல். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் கழற்றாதீர்கள், நுண்தூள் அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்காது.

சந்தேகமாக இருந்தால் இரவில் ஐந்தாறு வெட்டு அறுத்தபின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

பெயின்ட் அடித்த பழைய மரம் இருந்தால் அதை அறுக்கவே வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் என்ன இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது.

படச்சட்டம் பள்ளத்தூர் (மூன்று வாரம் கழித்து)

காரைக்குடி அண்ணனுக்கும், தேவகோட்டை நண்பருக்கும், புதுவயல் அக்காவுக்கும் நன்றி. கம்பி வேலையை முதலில் முடித்தேன். பழைய இணைப்பில் எர்த் இல்லை என்பது உண்மைதான். கம்பியின் மேலுறை கையோடு உதிர்ந்தது.

சைக்கிள் டியூப் நாக்கை மூன்று முறை மாற்றி வெட்டினேன். நீளம் கூடினால் மரத்தில் மடங்கி உள்ளே இழுபடுகிறது. மரத்தின் மேல்முகத்துக்கு அரை அங்குலம் மேலே நிறுத்தியபோது சரியாக வந்தது. கூடு இரண்டடி இரண்டு அங்குல அகலம். இருபது வெட்டு அறுத்துத் தூளை அளந்தேன். டிரம்மிலும் கூட்டு வாளியிலுமாக ஏறக்குறைய முழுவதும், தரையில் ஒரு கைப்பிடி. வடிகட்டியை இரண்டு நாளுக்கு ஒரு முறை தட்டினால் போதுமானதாக இருக்கிறது.

அக்கா சொன்ன டார்ச்சையும் அடித்துப் பார்த்தேன். தரை சுத்தமாக இருக்கிறது, வெளிச்சத்தில் மட்டும் புகை போலப் பொன்னிறத் தூள் அசையாமல் தொங்குகிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே முடிவு கட்டியிருந்த அறை அது. இப்போது முகமூடி இல்லாமல் உள்ளே போவதில்லை. ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்தி, முற்றத்துக் கதவில் ஈரத் துணித் திரை போட்டிருக்கிறேன். காற்று முற்றத்திலிருந்து அறைக்குள் வருகிறது, அறையிலிருந்து முற்றத்துக்குப் போவதில்லை. ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது ஜன்னல் விசிறி அதை எதிர்த்துத் தள்ளுமா என்பதுதான் பாக்கி. ஜன்னல் மேற்குப் பார்த்தது.

காரைக்குடி தச்சர்

மேற்கு என்றால் தள்ளாது தம்பி. ஆடி மாதம் மட்டும் விசிறியை நிறுத்தி ஜன்னலை அடைத்துவிடுங்கள். அறுக்கும் வேலையைக் காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே முடித்துக்கொண்டு, பகலில் ஒட்டும் வேலையும் மெருகும் பாருங்கள். அப்பத்தாவிடம் வற்றல் காய வைக்கும் நேரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படச்சட்டம் பள்ளத்தூர்

கேட்டேன் அண்ணே. பத்து மணிக்கு மேல்தான் போடுவாராம். நேற்றிலிருந்து தாம்பாளம் மறுபடி முற்றத்துக்கு வந்திருக்கிறது.