ஒடுங்கிய மூலையில் வெல்டிங்கைத் தேய்க்க எந்தக் கருவி ஏற்றது?

துவாஸ் ஃபிட்டர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். பேலஸ்ட் டேங்கிற்குள் (கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டி), தகட்டை விறைப்பாக்கும் ஸ்டிஃப்னரும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் சேரும் மூலைகளில் உள்ள வெல்டிங்கை, பெயிண்ட் அடிப்பதற்கு முன் தேய்த்துத் தர வேண்டும். சில இடங்களில் நான்கு விரல் அகலம்தான் இருப்பதால் 100 மி.மீ. கிரைண்டரின் தலை உள்ளே போவதில்லை. காப்பு மூடியைக் கழற்றிவிட்டுக் கட்டிங் டிஸ்க்கைச் சாய்த்துத் தேய்க்கும்படி உடன் வேலை செய்பவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. முனையில் சிறு வெட்டுக்கருவி சுழலும் டை கிரைண்டரா, உப்புத்தாள் பட்டை ஓடும் பெல்ட் சாண்டரா, எதைக் கேட்டு வாங்குவது?

பழைய கொதிகலன் ஆள்:
கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன், எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. இரண்டு தகடுகள் சேரும் மூலையில் போடும் ஃபில்லட் வெல்டிங், ஒவ்வொரு தகட்டின் மீதும் 6 மி.மீ. அகலம் படிந்திருந்தால், அதன் குறுக்குத் தடிப்பு ஏறத்தாழ 4.2 மி.மீ. மட்டுமே, அழகுக்காக அதை வழித்தெடுத்தால் பலமும் கூடவே போய்விடும். பேலஸ்ட் டேங்க் பெயிண்டுக்கு வேண்டியது ஸ்பேட்டர் (வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய உலோகத் துளிகள்) இல்லாமை, மேடுபள்ளம் மழுங்கிய வெல்டிங், கூர்மை நீங்கிய தகட்டு விளிம்பு ஆகியவைதாம். விளிம்பை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும், அல்லது மூன்று முறை தேய்க்க வேண்டும் என்று 2006இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்ற பூச்சுத் தரநிலை சொல்கிறது.

உங்கள் மூலைக்கு நான் எடுப்பது, 6 மி.மீ. தண்டுள்ள கார்பைடு பர் (பல் வெட்டிய சிறு சுழல் அரம்) பூட்டிய, காற்றில் ஓடும் டை கிரைண்டர். உருளை வடிவமும் உருண்டை முனையும் உள்ள பர், வெல்டிங்கின் குழிவோடு இசைந்து போகும். எஃகுக்கு இரட்டை வெட்டுப் பல் (குறுக்கும் நெடுக்குமாக வெட்டியது) வேண்டும். ஆழமான இடத்துக்கு நீளத் தண்டு கிடைக்கிறது என்றாலும், அதை முழு வேகத்தில் வெறுமனே சுழலவிட்டால் தண்டு வளைந்து வீசும். ஆகவே வேகத்தைக் குறைத்து, பர் இரும்பைத் தொட்ட பிறகே விசையை அழுத்துங்கள். இன்னொன்று: பர் உதிர்ப்பது தூளன்று, ஊசி ஊசியான சில்லுகள். கண்ணாடிக்கு மேல் முகக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். சட்டைக் கையில் ஒட்டி வீடுவரை வந்து குத்திய சில்லுகளை நான் மறக்கவில்லை.

சுங்கை காடுட் ஸ்டெயின்லெஸ்:
10 மி.மீ. பட்டையுள்ள பெல்ட் சாண்டர் தகட்டு விளிம்புக்கும் குழாய் வளைவுக்கும் அருமையானது, ஆனால் உள்மூலையில் பட்டை விளிம்பு கிழிந்துகொண்டே இருக்கும். விளிம்புகள் நிறைய இருந்தால் மட்டும் அதையும் கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் வேலை வந்தால், சாதா இரும்பில் தேய்த்த பட்டையையோ பர்ரையோ தொடாதீர்கள். ஒட்டிய இரும்புத் துகள் பிறகு துருவாகத் தெரியும்.

பெர்மிட் பார்ப்பவர்:
கட்டிங் டிஸ்க் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. சாய்த்துத் தேய்த்தால் வெடித்துச் சிதறும், காப்பு மூடியும் இல்லையென்றால் தடுக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் மறுத்தது முற்றிலும் சரி.

டேங்கிற்குள் மின்சாரக் கம்பியை இழுப்பதைவிடக் காற்றுக் கருவியே நல்லது, ஆனால் குழாயை ஆக்ஸிஜன் இணைப்பில் ஒருபோதும் மாட்டாதீர்கள். உள்ளே நுழையும் பெர்மிட்டோடு நெருப்பு வேலைக்கான பெர்மிட்டும் இருக்க வேண்டும். சிங்கப்பூரின் 2009ஆம் ஆண்டு அடைபட்ட இட விதிமுறைகளின்படி, உள்ளே ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

துவாஸ் ஃபிட்டர்:
மிக்க நன்றி. சூப்பர்வைசரிடம் கேட்டதில், வெல்டிங்கைச் சமமாக்கத் தேவையில்லை, மழுங்கினால் போதும் என்றார். டை கிரைண்டரும் இரண்டு பர்களும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் காற்றுக் குழாய் மிகவும் நீளமானது. அதனால் பாதிப்பு உண்டா?

பழைய கொதிகலன் ஆள்:
உண்டு. கருவி ஓடும்போதே அதன் வாயருகில் சுமார் 6 பார் அழுத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகம் விழுந்து பர் துள்ளும், பல் உடையும். டேங்கின் வாய்வரை பெரிய குழாயைக் கொண்டுவந்து, கடைசித் துண்டுக்கு மட்டும் சிறிய குழாயைப் போடச் சொல்லுங்கள்.