மறுமொழி: 502-க்குத் தமிழில் என்ன சொல்?

> 'மோசமான நுழைவாயில்' என்றே வைத்துவிடலாமே. ஆங்கிலத்தில் அப்படித்தானே இருக்கிறது?

வணக்கம் ஐயா,

தளம் திறக்காதபோது திரையில் வரும் 502 என்ற பிழை எண்ணுக்கு ஆங்கிலப் பெயர் 'Bad Gateway' என்பது சரிதான். ஆனால் அதை அப்படியே தமிழில் வைத்தால் படிப்பவர் வாசலைத்தான் போய்ப் பார்ப்பார். கோளாறு அங்கே இல்லை. போன வாரம் என் வேர்ட்பிரஸ் தளம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் 502, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே என்ஜின்எக்ஸ் (nginx) என்ற பெயர். வருகிறவர் கேட்பதை வாங்கிப் பின்னால் அனுப்பும் வழங்கி (server) மென்பொருள் அது. அந்தப் பெயர் தெரிந்தாலே வாசலில் ஆள் இருக்கிறார் என்று பொருள். பிழைப்பதிவின் கடைசி வரியில், இணைப்பு மறுக்கப்பட்டதாக 111 என்ற எண். பின்னால் இருந்து பக்கத்தை உருவாக்கித் தரும் பிஎச்பி-எஃப்பிஎம் (PHP-FPM) என்ற நிரல் நின்றுபோயிருந்தது. மறுபடி ஓட விட்டதும் தளம் வந்துவிட்டது. (அதற்குமுன் அரைமணி நேரம் செருகுநிரல் கோப்புறைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன், அது தனிக்கதை.)

ஓட்டலில் சப்ளையர் ஆர்டர் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். அடுப்படியில் மாஸ்டரே இல்லை. வந்து கையை விரிக்கிறார். அது 502. மாஸ்டர் இருக்கிறார், தோசைதான் வந்தபாடில்லை என்றால் 504. நாம் வேறு அளவு சொல்லி வைக்காவிட்டால் என்ஜின்எக்ஸ் பதிலுக்காக 60 விநாடி பார்க்கும்.

ஆகவே நடுவில் நிற்பது 'இடைவழங்கி', அதற்குப் பின்னால் இருப்பது 'பின்வழங்கி'. 502 'பின்வழங்கிப் பிழை', 504 'பின்வழங்கிக் கெடு முடிந்தது'. 'Timeout' என்பதை 'நேர முடிவு' என்று சிலர் எழுதுவது எனக்கு ஒட்டவில்லை. கெடு வைப்பதும் கெடு முடிவதும் அடகுக்கடை வரை புழங்கும் பேச்சு.

---

> 504 'பின்வழங்கிக் கெடு முடிந்தது'

தம்பி, 502-க்கு நீங்கள் சொன்னதே இருக்கட்டும். வாசலை விட்டுக்கொடுக்கிறேன்.

504-இல் எனக்கு உடன்பாடில்லை. 'பின்வழங்கி' என்று தொடங்கினால் அது படுத்துவிட்டது என்றே நினைப்பார்கள். உண்மையில் பின்னால் வேலை ஓடிக்கொண்டே இருக்கலாம். பழைய பதிவுகளை மொத்தமாக இறக்குமதி செய்தபோது 504 வந்தது. பதறிப்போய் மறுபடி பொத்தானை அழுத்தினேன், படங்களெல்லாம் இரண்டிரண்டாக ஏறிவிட்டன. உட்கார்ந்து அழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நடந்தது என்ன? பதில் வர வைத்த கெடு தாண்டிவிட்டது, அவ்வளவுதான். 'மறுமொழிக் காலக்கெடு கடந்தது' என்று வைப்போம். வெறும் 'கெடு' திரையில் தனியாக நின்றால் ஏதோ கெட்டுப்போனது போலவும் தெரியும்.

503-ஐ இதோடு சேர்க்க வேண்டாம். அது வழங்கியே 'இப்போது முடியாது, பிறகு வா' என்று சொல்வது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.