புதுப்பிப்பு: மணியைக் கொடைக்கானல் கூட்டிப்போய் வந்துட்டோம்

மூணு நாள் கொடைக்கானலுக்கு எங்க சிப்பிப்பாறை நாய் மணியைக் கூட்டிப்போவதா, மதுரையிலேயே விடுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதல்ல அழகர்கோவில் வரைக்கும் காரில் ஓட்டிப் பாருங்க" என்று ஒரு அக்கா சொன்ன யோசனை. இருபது கிலோமீட்டர்தான், போகும்போதே வாந்தி எடுத்துட்டான். காலையில் தயிர்சோறு வச்சது எங்க தப்பு. அடுத்த ஞாயிறு வெறும் வயிற்றோடு போனோம், ஒண்ணும் ஆகலை. அதனால் கொடைக்கானல் கிளம்பின அன்றும் முந்தின ராத்திரியோடு சாப்பாடு நிறுத்தம், தண்ணி மட்டும். வத்தலக்குண்டில் இறக்கி நடக்க விட்டோம். மலைப்பாதை முழுக்கத் தூங்கினான். வாந்தி எடுத்தது என் மகன்!

விடுதியில் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள், நல்லவேளை எடுத்துப்போயிருந்தோம்.

எதிர்பாராதது குரங்குகள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் அவற்றைப் பார்த்ததும் சங்கிலியை அறுக்காத குறை. அங்கே இறக்காதீங்க. அறையில் தனியா விட்டால் ஒரே ஊளை, அதனால் ஏரிக்கு ஆள் மாற்றி மாற்றித்தான் போனோம். படகு சவாரி எனக்குக் கிடைக்கலை. அடுத்து ராமேஸ்வரம், அந்த வெயிலுக்கு அவன் அத்தை வீட்டில்தான்.