பேக்ஃபேஸ் டிஃபார்மேஷனுக்குத் தமிழ்ல என்ன? (அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். தடய அறிவியல் பாடநூல் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஹாலோ பாயின்ட்டுக்குக் குழிமுனைத் தோட்டா, ஆர்மர் பியர்ஸிங்குக்குக் கவசந்துளைத் தோட்டான்னு போட்டுட்டேன். மாட்டிக்கிட்டது பேக்ஃபேஸ் டிஃபார்மேஷன். குண்டு கவசத்தைத் துளைக்கல, ஆனா கவசத்தோட உள்பக்கம் உடம்பு மேல முட்டிக்கிட்டு வருதே, அது. பின்னாடி களிமண் வச்சு சுட்டுப் பாக்கறாங்க, அமெரிக்க என்ஐஜே (நீதித்துறையோட ஆய்வு நிறுவனம்) தரத்துல களிமண்ல விழற பள்ளம் 44 மி.மீ. தாண்டக் கூடாது, ஏன்னா குண்டு உள்ள வராமலே விலா எலும்பு போயிடும். 'பின்முக உருக்குலைவு'ன்னு வச்சேன், எனக்கே புரியல.
– கோவை

அம்மா, முதலில் கவசம் வடசொல். பதிற்றுப்பத்தில் 'சான்றோர் மெய்ம்மறை' என்று வருகிறது, மெய்யை மறைப்பது மெய்ம்மறை, இதைவிட என்ன வேண்டும்? ஆகவே 'மெய்ம்மறைப் புறக்குழைவு'. தோட்டாவை மாற்ற வேண்டாம், அது தமிழே. மாதுளைத் தோடு என்கிறோம் அல்லவா, மருந்தைப் பொதிந்த தோடு தோட்டா ஆயிற்று.
– தஞ்சை

> மருந்தைப் பொதிந்த தோடு

ஐயா, தெலுங்குல தூட்டாங்கறாங்களே, அவங்களும் மாதுளை உரிச்சாங்களா :) அது கிடக்கட்டும், 'புறம்'னா பையன் சுடறவன் பக்கம் தேடுவான், கவசத்துக்கு முதுகு எதுவோ அதுதான் போட்டிருக்கறவனுக்கு நெஞ்சு. அக்கா, அந்தப் பாடத்துல ஒண்ணு கவனிங்க, குழிமுனை உடம்புக்குள்ள விரிஞ்சு பெரிய காயம் பண்றதால அதுதான் கவசத்தையும் பிளக்கும்னு நிறைய பேர் எழுதறாங்க, அப்படியே தலைகீழ், அது கவசத்துல நெய்யற கெவ்லார்ங்கற செயற்கை நார்ல பட்டதும் காளான் மாதிரி நசுங்கி அங்கேயே நின்னுடும். நாரை மீறிப் போறது ரைஃபிள் குண்டோட வேகமும், குண்டு நடுவுல வைக்கிற எஃகும்தான், அதுக்குப் பீங்கான் தகடு வேணும், பீங்கான் நுனியை உடைக்கும், பின்னாடி அடுக்கு சில்லைப் பிடிக்கும். 'குண்டு துளைக்காத உடை'யும் தப்பு, எந்தக் குண்டு வரைக்கும் தாங்கும்னு மட்டம் சொல்லணும், நம்ம இந்தியத் தரம் ஐஎஸ் 17051:2018 கூட தாங்கும்னுதான் சொல்லுது, துளைக்கவே துளைக்காதுன்னு இல்ல. என் ஓட்டு 'உட்பிதுக்கம்'.
– ஆவடி

பிதுக்கம் எண்டா ஆஸ்பத்திரியில குடல் பிதுக்கம்தான் தம்பி, வேண்டாம். வேற ஒரு விசயம், நீங்கள் தோட்டா, குண்டு எண்டு ரண்டையும் மாறி மாறி எழுதுறியள். எங்கட பக்கம் முழுசா இருக்கிறது ரவை, சுட்ட பிறகு நிலத்தில விழுறது வெறுங்கோது, பறந்து போய்ப் படுறது சன்னம். கவசத்தில படுறது சன்னம் மட்டும்தானே, தோட்டா முழுக்கப் பறக்கிறதில்லையே. தடய அறிவியலுக்கு இது முக்கியம் பாருங்கோ.
– யாழ்ப்பாணம்

அண்ணை, அடிச்சீங்க பாயின்ட்டு. ஆனா கவசந்துளை ரவைன்னு எழுதினா எங்க பசங்க உப்புமாவை நினைப்பாங்க. பிதுக்கத்துக்குப் பதிலா 'உட்புடைப்பு'? மாமல்லபுரத்துல புடைப்புச் சிற்பம்ங்கறோம், கல்லுல ஓட்டை இல்ல, முட்டிக்கிட்டு மட்டும் நிக்குது, அதேதான் இது. களிமண்ல விழறது அதோட அச்சு, அதைப் பள்ளம்னே விட்டுடலாம், ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்காதீங்க.
– மதுரை

புடைத்தல் முறத்தின் தொழில். புடைப்பது நெல்லை.
– தஞ்சை

தலையில அடிபட்டாலும் புடைக்குதே ஐயா.
– ஆவடி

சரி, ராத்திரி பன்னெண்டாச்சு. உட்புடைப்புக்கு மூணு பேர், ஐயா வேண்டாங்கறார். உட்புடைப்பே போடறேன், கவசம் கவசமாவே இருக்கட்டும், ஐயா மன்னிக்கணும். குழிமுனைப் பத்தியையும் திருத்திட்டேன், மூலத்துலயே தப்பாத்தான் இருந்துச்சு.
– கோவை

மெய்ம்மறை பற்றித் தனியே விரிவாக எழுதுகிறேன்.
– தஞ்சை

அப்ப சன்னம்?
– யாழ்ப்பாணம்

அண்ணா, தோட்டா 212 இடத்துல இருக்கு. சுட்ட பிறகு வர்ற இடத்தை மட்டும் தேடி மாத்தப் பாக்கறேன், விடியறதுக்குள்ள எத்தனை முடியுமோ.
– கோவை